குடும்பத்தோடு ஒரு நாள்: பெரிய மியூசியமா, பழைய வீடா, திறந்தவெளியா?

சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. ஐந்து வயதுக்காரனுக்கு எதையாவது அழுத்தினால் எதுவாவது சுற்ற வேண்டும். பதினொரு வயதுக்காரிக்குத் தம்பிக்குப் பிடிக்கிற இடம் எதுவும் ஆகாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. உட்கார ஒரு பெஞ்சு இருக்கும் என்று சொன்னால் எங்கே வேண்டுமானாலும் வருவார். பழைய வீடு என்றால் என் மனைவி முதல் ஆளாகக் கிளம்பி நிற்பாள். எனக்கோ ஒரு வியாதி உண்டு, கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கும் விளக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பது. இந்த ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே நாள், ஒரே இடம்.

நாலைந்து வருடம் இப்படி அலைந்ததில், "எங்கே நிறையப் பார்க்கலாம்?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். இப்போது முதலில் விசாரிப்பது, பாதியில் கிளம்பணும் என்றால் சுலபமாகக் கிளம்ப முடியுமா என்பதைத்தான். கிளம்ப முடிகிற இடத்தில் சின்னவன் அழ ஆரம்பித்தால் பெரிய விஷயமே கிடையாது, வெளியே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். கிளம்ப முடியாத இடத்தில் அதே அழுகை ஐந்து பேருடைய நாளையும் தின்றுவிடும்.

மியூசியத்தில் ஏன் இப்படிக் கால் கடுக்கிறது என்று நூறு வருடத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் மியூசியச் சோர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெட்டிகளில் உள்ள பொருள்களைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படி ஓர் ஆளைக் கேட்டுக்கொண்டு, அவர் குனிவதையும் எட்டிப் பார்ப்பதையும் முழங்காலை மடக்கி நிற்பதையும் வரிசையாகப் படம் எடுத்துப் போட்டிருந்தார். பெட்டிகளை வைத்திருக்கிற விதமே ஆளைக் களைப்பாக்குகிறது என்பது அவர் வாதம். 1928-இல் எட்வர்ட் ராபின்சன் என்ற உளவியலாளர் இன்னொன்றைக் காட்டினார். மேசை முன் உட்கார்ந்தபடியே ஓவியங்களின் பிரதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவர்களுக்கும் போகப்போக ஆர்வம் குறைந்தது. அப்படியானால் களைப்பு காலில் மட்டும் இருக்கவில்லை. ஒரே மாதிரிப் பொருள்களைப் பார்த்துப் பார்த்து மனசும் திகட்டிப்போகிறது.

ராபின்சனின் வழியில் வந்த ஆர்தர் மெல்டன் 1935-இல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓர் அறைக்குள் நுழைந்தவர்களுக்கு வெளியேறும் வாசல் கண்ணில் பட்டுவிட்டால் அது அவர்களை இழுக்கிறது. காட்சிப் பொருள்களோடு வாசலும் போட்டி போடுகிறது என்று அவர் கண்டார். என் மகனுக்காக 1935-லேயே ஒருவர் வக்காலத்து வாங்கியிருக்கிறார்!

சரி, முதலில் பெரிய அருங்காட்சியகம். பாரிஸின் லூவ்ரில் சுமார் 35,000 படைப்புகள் காட்சிக்கு இருக்கின்றன. ஒன்றுக்குப் பத்து வினாடி என்று வைத்தாலும் இடைவிடாமல் 97 மணி நேரம் ஆகும். அதில் பத்தில் ஒரு பங்குள்ள மியூசியம் என்றாலும் பத்து மணி நேரம் நடக்க வேண்டும். "முழுசா ஒரு சுற்று பார்த்துட்டு வந்துடலாம்" என்று கிளம்புகிறவர்கள் கவுன்டரிலேயே தோற்றுவிடுகிறார்கள். நானும் அப்படிப் பல தடவை தோற்றிருக்கிறேன். மூன்றாவது கூடத்தில் நாணயங்கள் வந்ததும் எல்லோர் முகமும் ஒன்றுபோல ஆகிவிடும்.

இப்போது வீட்டிலிருந்தே ஆளுக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகிறோம். உதாரணத்துக்கு ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு குட்டி பொம்மை மனிதர் வெளியே வந்து மணியடித்துவிட்டு உள்ளே போய்விடுவார், அந்த ஒரு நிமிடத்துக்காகக் கூட்டம் முன்னாலேயே வந்து காத்திருக்கும். அதே கட்டடத்தில் இத்தாலியச் சிற்பி பென்சோனி செதுக்கிய, முகத்திரை போட்ட ரெபெக்கா நிற்கிறாள். திரையும் பளிங்கு, திரைக்குப் பின்னால் தெரியும் முகமும் பளிங்கு. சிறுவர்களுக்குக் கடிகாரம், பெரியவர்களுக்கு ரெபெக்கா. இந்த இரண்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் அந்த நாள் உருப்படியான நாள்தான். மிச்சமெல்லாம் போனஸ்.

முதல் அரை மணி நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஜான் ஃபால்க்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 1985-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஃபுளோரிடாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களைக் கவனித்தார்கள். ஏறக்குறைய முதல் அரை மணி நேரம் மக்கள் பொருள்களை ஊன்றிப் பார்த்தார்கள், அப்புறம் சும்மா மேய ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நாம் பார்க்க நினைத்தது இரண்டாம் மாடியில் இருந்தால் நேராக இரண்டாம் மாடிக்கே போய்விட வேண்டும். கீழ்த்தளத்துக் கற்கோடரிகள் கோபித்துக்கொள்ளாது.

பெரிய இடத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. லிஃப்ட், பெஞ்சு, சக்கர நாற்காலி, கழிப்பறை எல்லாம் அநேகமாக இருக்கும். எங்கள் அம்மாவைப் பொறுத்தவரை இதைவிட வசதியான இடம் கிடையாது. நுழைவு இலவசம் என்றால் இன்னும் நல்லது. பிரிட்டனில் 2001 டிசம்பரிலிருந்து தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லாத இடத்தில் நாற்பது நிமிடத்தில் வெளியே வந்தாலும் யாருக்கும் உறுத்தாது. ஐந்து டிக்கெட்டுக்குக் காசு கொடுத்த அப்பா மட்டும்தான் "இன்னும் ஒரே ஒரு கூடம்" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவார். அந்த அப்பா நானேதான்.

அடுத்து பழைய வீடுகள். தலைவர்களின் நினைவில்லங்கள், எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகள், அரண்மனைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மனசுக்கு நெருக்கமானவை இவை. குடும்பத்தோடு போய்ச் சமாளிக்க ரொம்பவும் கஷ்டமானவையும் இவைதான்.

நெருக்கம் ஏன் என்றால், வீடு என்பது குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். மூன்றாம் நூற்றாண்டு என்றால் ஐந்து வயதுக்கு ஒன்றும் புரியாது. கட்டில், அடுப்பு, கண்ணாடி, மாடிப்படி எல்லாம் நன்றாகப் புரியும். "இங்கே யார் தூங்கினாங்க?" என்று கேட்பான். வீட்டில் அதற்குப் பதில் இருக்கும், கூடத்தில் வரிசையாக அடுக்கிய வெண்கலச் சிலைகளுக்கு நடுவில் அந்தக் கேள்வியே எழாது. மும்பையில் மணி பவன் இருக்கிறது. 1917 முதல் 1934 வரை காந்தி மும்பை வந்தால் தங்கிய வீடு. அவர் அறையில் ராட்டையும் தரையில் ஒரு மெத்தையும் தவிர அதிகமாக ஒன்றும் இல்லை. அந்தக் காலித்தனம்தான் அங்கே காட்சிப் பொருள். அதே வீட்டில் அவர் வாழ்க்கையைச் சின்னச் சின்னப் பொம்மைக் காட்சிகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அறை பெரியவர்களுக்கு, பொம்மைகள் சிறியவர்களுக்கு என்று பங்கு பிரித்தாற்போல இருக்கும்.

லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோனின் வீட்டைப் பற்றிச் சொன்னால் எந்தக் குழந்தையும் காதைத் தீட்டிக்கொள்ளும். தான் சேர்த்ததெல்லாம் கலைந்துவிடக் கூடாது என்று 1833-இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமே இயற்றவைத்துவிட்டு, 1837-இல் அவர் இறந்தார். கூடியவரை அவர் விட்டுப்போனபடியே வீட்டை வைத்திருக்கிறார்கள். ஓவிய அறையில் சுவரே அலமாரிக் கதவு மாதிரித் திறக்கும், உள்ளே இன்னொரு வரிசை ஓவியங்கள். கீழ்த்தளத்தில் எகிப்து மன்னர் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி. ஒரு மனிதர் தன் வீட்டில் சவப்பெட்டி வாங்கி வைத்திருந்தார் என்ற ஒரே தகவல் போதும், ஒரு வாரத்துக்குச் சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சு இருக்காது.

கஷ்டம் எங்கே என்றால், வீடுகளைக் கட்டியவர்கள் அங்கே வாழக் கட்டினார்கள், க்யூவில் வரும் ஐம்பது பேருக்காகக் கட்டவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை திருவிதாங்கூர் அரசர்களின் மர அரண்மனை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தாழ்ந்த நிலைவாசல்கள், செங்குத்தான மரப்படிகள், ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் அறைகள். கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரை. சுண்ணாம்பு, கொட்டாங்கச்சிக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்தது என்பார்கள். தரையில் என்னென்ன கலந்திருக்கும் என்று பிள்ளைகளையே யூகிக்கச் சொல்லலாம், முட்டை என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் அறை அறையாக முன்னே போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் ஃப்ராங்க் நாஜிகளிடமிருந்து மறைந்து வாழ்ந்த வீடும் அப்படித்தான். படிகள் ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். பழைய பின்கட்டுக்குச் சக்கர நாற்காலி போகாது. அந்த வீட்டை நான் பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சொல்ல மாட்டேன். அதற்குப் படிகளைவிடக் கதைதான் காரணம்.

இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். சின்னவன் மூன்று வயதாக இருந்தபோது ஒரு பழைய மாளிகைக்குப் போனோம். தள்ளுவண்டியை வாசலில் விட்டுவிடச் சொன்னார்கள், அது நியாயம். கைடு கூட்டிக்கொண்டு போகிற சுற்று, ஐம்பது நிமிடம். ஒவ்வொரு அறையிலும் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டே வந்தார். இருபதாவது நிமிடத்தில் அவன் என் காதில், "ஒண்ணுக்கு" என்றான். அந்த வீட்டில் ஓர் இளவரசி பிறந்த அறை எது, தங்க முலாம் பூசிய நாற்காலி எது, எதுவும் எனக்கு நினைவில்லை. வெளியே வருகிற வழியில் எத்தனை கதவு என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஏழு.

அதனால் வீடு என்று முடிவு செய்தால் இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நம் இஷ்டத்துக்குச் சுற்றிப் பார்க்கவிடும் வீடுகளுக்கு எந்த வயதுப் பிள்ளையோடும் போகலாம். கைடோடு மட்டும் உள்ளே விடும் வீடுகளுக்கு ஏழெட்டு வயதுக்கு மேல் போனால் நல்லது, அப்போது அதே கைடு பெரிய வரமாகிவிடுவார். சாவி துவாரத்தில் யார் ஒட்டுக்கேட்டார்கள், யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள் என்ற கதையெல்லாம் எந்தப் பலகையிலும் இருக்காது. என் மகளை மியூசியம் பக்கம் திருப்பியது அப்படி ஒரு கைடுதான். இன்னொன்று, இந்த வீடுகள் ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். வெளிச்சம் பட்டால் துணியும் காகிதமும் நிறம் மங்கிவிடும். அதற்காக இப்படிப்பட்ட பொருள்களுக்கு வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் வெளிச்சம் விடுகிறார்கள். சன்னல் திரை மூடியிருப்பதும் இதற்காகத்தான். உள்ளே போவதற்கு முன்பே சொல்லிவிட்டால் இருட்டைப் பார்த்துப் பயப்படாமல், "திரைச்சீலை தூங்குது" என்று மெதுவாக நடப்பார்கள்.

அறிவியல் மையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். 1903-இல் ஆஸ்கர் ஃபான் மில்லர் தொடங்கிய மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியம், பார்வையாளர்களே இயக்கிப் பார்க்கும் மாதிரிகளுக்குப் பேர் போனது. இயற்பியலாளர் ஃப்ராங்க் ஆப்பன்ஹைமர் (அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்துக்குத் தலைமை வகித்த ராபர்ட்டின் தம்பி) 1969-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியத்தைத் திறந்தபோது, தொடாமல் பார்க்க வேண்டிய பொருள் என்று அங்கே அநேகமாக எதுவும் இல்லை. கொல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1959-லேயே வந்துவிட்டது. இப்போது பல நகரங்களில் இப்படி ஒரு மையம் உண்டு.

மெல்டன் சொன்ன போட்டியில் வெளியேறும் வாசல் தோற்கிற ஒரே இடம் இதுதான். சின்னவனைக் கிளப்புவதற்குள் விடிந்துவிடும். பெரியவர்கள் பாடுதான் திண்டாட்டம். சத்தம், எதிரொலி, பள்ளிக்கூடப் பஸ் இரண்டு வந்துவிட்டால் அவ்வளவுதான். அம்மா ஒரே ஒருமுறை வந்துவிட்டு, "இங்கே உட்கார்ந்தா தலைவலி, எழுந்தா கால்வலி" என்றார். "பழுது" என்று அட்டை தொங்கும் கருவிகளையும் எதிர்பார்த்துத்தான் போக வேண்டும், ஆயிரம் கைகள் திருகினால் எதுவும் தேயும். பதினொரு வயதுக்காரிக்கு நான் எக்ஸ்ப்ளோரடோரியத்திலிருந்து ஒரு யோசனையைத் திருடினேன். அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே கூடங்களில் விளக்கம் சொல்ல வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். நான் என் மகளிடம், தம்பி அழுத்துகிற ஒவ்வொரு பொத்தானுக்கும் என்ன நடக்கிறது என்று அவனுக்கு நீதான் சொல்ல வேண்டும் என்றேன். பாதிக்கு மேல் அவளாகவே கண்டுபிடித்தாள், மீதிக்குக் கதை விட்டாள். இருவரும் சண்டை போடாமல் இரண்டு மணி நேரம் கழிந்தது. எங்கள் வீட்டில் அது வரலாற்றுச் செய்தி.

கோளரங்கம், ரயில் மியூசியம் போன்றவற்றுக்கு ஒரு பத்தி போதும். கோளரங்கத்தில் காட்சி தொடங்கியபின் இருட்டில் எழுந்து போவது சங்கடம், ஐந்து வயதுக்குள் உள்ளவர்கள் இருட்டைப் பார்த்தே கத்தலாம். ரயில் மியூசியம் இதற்கு நேர் எதிர். பொருள்கள் பெரியவை, பெரும்பாலும் திறந்தவெளியில் நிற்பவை, எதையும் படிக்காமலே அனுபவிக்கலாம். ஊரில் ரயில் மியூசியம் இருந்து நீங்கள் இன்னும் போகவில்லை என்றால் மேலே படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்பலாம்.

மிச்சம் இருப்பது திறந்தவெளி அருங்காட்சியகம். ஊர் ஊராகப் போய்ப் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து ஒரே வளாகத்தில் மறுபடி கட்டி வைப்பது. ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் 1891-இல் தொடங்கிய ஸ்கான்சென் இதற்கு முன்னோடி. ஸ்வீடனின் பல பகுதிகளிலிருந்து வந்த சுமார் 150 கட்டடங்கள், கூடவே அந்த நாட்டுக் காட்டு விலங்குகள். சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவும் இதே வகை. செட்டிநாட்டு வணிகர் வீட்டுக்கும் கேரளத்து மர வீட்டுக்கும் நடந்தே போய்விடலாம்.

பாதியில் கிளம்ப முடியுமா என்ற என் கேள்விக்கு இங்கேதான் கொஞ்சம் விநோதமான பதில் கிடைக்கிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எந்த நிமிடமும் வெளியே வரலாம், வெளியே வந்தால் ஓடலாம், கத்தலாம், யாரும் உஷ் என்று சொல்ல மாட்டார்கள். களைத்தவர் திண்ணையில் உட்கார்ந்துகொள்ளலாம், அம்மா பாதி வீடுகளைத் திண்ணையிலிருந்தே பார்த்தார். ஆனால் வளாகத்தை விட்டு வெளியேறுவது அவ்வளவு லேசில்லை. இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும், வாசல் தொலைவில் இருக்கும், மழை வந்தால் எல்லோரும் ஒரே கூரைக்கு ஓட வேண்டும். வெயில் நாளில் பதினொரு மணிக்குப் போய் நிற்பது தண்டனை. காலையில் திறந்தவுடன் போக முடியாது என்றால் வேறு இடம் பார்ப்பது மேல்.

எனக்கு அங்கே ஒரு சின்ன உறுத்தலும் உண்டு. வீடு அசல், மரம் அசல், கதவின் தேய்மானம்கூட அசல். ஆனால் பக்கத்து வீடு வேறு மாநிலத்திலிருந்து வந்தது, தெரு என்று ஒன்று இல்லை. ஒரு வீட்டின் நடுமுற்றத்தில் நின்றுகொண்டு மகள் கேட்டாள், "இந்த வீட்டுக்காரங்க இப்போ எங்கே இருக்காங்க?" விளக்கப் பலகையை நான் வழக்கம்போல ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்தேன். வீட்டின் நீள அகலம் இருந்தது. மணி பவனுக்குப் போனால் இந்தக் கேள்வியே வராது, அந்த வீடு அதே தெருவில், அதே இடத்தில் நிற்கிறது.

ஆக யாருக்கு எது? நடக்க முடியாத பெரியவர் உடன் வருகிறார் என்றால் பெரிய அருங்காட்சியகம், ஆளுக்கு ஒரு பொருள் என்ற கணக்கோடு. ஏழு வயதுக்குள் ஒருவர் இருந்து, வானமும் நன்றாக இருந்தால் திறந்தவெளி; வானம் சரியில்லை என்றால் அறிவியல் மையம், பெரியவர்களில் ஒருவர் மட்டும் கூடப் போனால் போதும், மற்றவர்கள் வீட்டில் தூங்கட்டும். வளர்ந்த பிள்ளைகள் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கைடு இருக்கிற பழைய வீடு. எல்லா வயதும் கலந்த எங்களைப் போன்ற கும்பலுக்கு, இஷ்டம்போலச் சுற்றவிடும் சின்ன வீடு ஒன்றுதான் இதுவரை தோற்காமல் வந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், "அவ்வளவுதானா?" என்ற ஏமாற்றம் கொஞ்சம் இருக்கும். அந்த ஏமாற்றத்தோடு வெளியே வந்த பிள்ளைகள் அடுத்த தடவை தாமாகவே கூப்பிடுகிறார்கள், திகட்டி வெளியே வந்தவர்கள் கூப்பிடுவதில்லை.

எதை எடுத்தாலும் வார விடுமுறையைப் பார்த்துவிடுங்கள். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், சாலார் ஜங் வெள்ளி, தில்லி தேசிய அருங்காட்சியகம் திங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். பள்ளி விடுமுறையில் வார நாளில் கிளம்புகிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்வார்கள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஐந்து பேர் நிற்கும் காட்சியையும் நாங்கள் நடத்திக் காட்டியிருக்கிறோம்.

நாளைக்கு மழை என்கிறார்கள். திறந்தவெளி போச்சு. அறிவியல் மையத்துக்கு அம்மா வர மாட்டேன் என்கிறார். கடைசியில் மனைவி கட்சி ஜெயித்தது, கைடு இல்லாத ஒரு சின்ன வீடு, தரைத்தளத்தில் மட்டும் ஆறு அறை. சின்னவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "அங்கே டாய்லெட் இருக்கா?" இருக்கிறதாம். போன் போட்டுக் கேட்டுவிட்டேன்.